வாயாடிச் சிறுமி வளர்ந்த கதை

பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி நாம் என்ன எண்ணுவோம்? "இது உருப்படாது" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுவோம். ஜப்பான் நாட்டின் தலைநகரான தோக்கியோவிலே, முதலாம் வகுப்பிலேயே அத்தகைய தீர்ப்புக்கு ஆளானாள் ஒரு சிறுமி. அவளே பிற்காலத்தில் அந்நாட்டுத் தொலைக்காட்சியின் தலைசிறந்த உரையாடற் கலைஞராக விளங்கிய டெட்சுகோ குரோயானகி அம்மையார்.

1933ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 9ஆம் திகதி பிறந்த அவருடைய தந்தையார் வயலின் வித்துவான். வீட்டிலே இட்ட செல்லப் பெயர் டோட்டோ. சிறுமி செய்த குற்றந்தான் என்ன? வகுப்பிலே மேசையின் மூடியை ஓயாமல் திறந்து மூடுவாள். அது அலுத்துவிட்டால் சன்னலருகே போய் நின்று, தெருவில் செல்லும் வாத்தியக்காரரைக் கூவி அழைப்பாள். ஆசிரியை பொறுமையிழந்தார், பள்ளி கைவிட்டது. தாயாரோ இச்செய்தியை மகளிடம் சொல்லவேயில்லை. வேறொரு பள்ளிக்குப் போகலாமா என்று மட்டுமே கேட்டார். தான் விலக்கப்பட்ட செய்தியை இருபது வயதைக் கடந்த பின்னரே மகள் அறிந்தாள்.

புதிய பள்ளியின் பெயர் டொமோயே. ஓட்டம் ஓய்ந்த புகைவண்டிப் பெட்டிகளே அங்கு வகுப்பறைகள். தலைமையாசிரியர் சொசாகு கோபயாஷி, தாயாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சிறுமியின் முன் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். மனத்தில் உள்ளதையெல்லாம் சொல்லும்படி கேட்டார். அவள் சொன்னாள், சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஏறக்குறைய நான்கு மணி நேரம்! அவர் ஒரு கொட்டாவி விடவில்லை. ஒருமுறையேனும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சொல்வதற்கு இனி ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பின்னரே, அன்று முதல் அவள் அப்பள்ளியின் மாணவி என்றார். அதன் பின்னரும் அவளைக் காணும்போதெல்லாம், உண்மையில் அவள் நல்ல பிள்ளையே என்று சொல்ல அவர் மறந்ததில்லை. 1945இல் விமானக் குண்டுவீச்சிலே அப்பள்ளி எரிந்து சாம்பலாயிற்று. ஆயினும் அந்த நான்கு மணி நேரத்தை எந்தத் தீயும் எரிக்கவில்லை.

போர் முடிந்தது. இசைக் கல்லூரியிலே பயின்ற டெட்சுகோ, பத்திரிகை விளம்பரமொன்றைக் கண்டு என்.எச்.கே. ஒலிபரப்பு நிலையத்துக்கு விண்ணப்பித்தார். நடிகையாகும் ஆசை அவருக்கில்லை. நாளை தாயாகும்போது குழந்தைகளுக்குக் கதைப் புத்தகத்தை அழகாக வாசித்துக்காட்டப் பழகலாமே என்பதே எண்ணம். ஜப்பானிலே தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமான 1953ஆம் ஆண்டு அது. ஆனால், அங்கும் பழைய தொல்லையே தொடர்ந்தது. அவர் பேச்சு மிக வேகம். குரலும் பிறர் குரலோடு இசையாமல் தனித்தது. அதைத் திருத்திக்கொள்ளும்படி பலரும் கண்டித்தனர். நாடகாசிரியர் தடாசு இசாவா ஒருவர் மட்டும், எதனையும் மாற்ற வேண்டாம், உள்ளபடியே இருந்தாற் போதும் என்றார். இரண்டாம் முறையும் காப்பாற்றியவர், அவரை அவராகவே ஏற்றுக்கொண்ட ஒரு மனிதரே.

1976ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி 'டெட்சுகோவின் அறை' என்னும் நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. நடிகர், எழுத்தாளர், விளையாட்டு வீரர் எனப் பலதுறையினரும் விருந்தினராக வந்து அமர்வர். அவர்களைப் பற்றிய குறிப்புகளை அம்மையார் தம் கையாலேயே எழுதி ஆயத்தம் செய்வார். பதிவான உரையாடலை வெட்டாமலும் ஒட்டாமலும் அப்படியே ஒளிபரப்புவது நிகழ்ச்சியின் நியதி. ஆகவே, தம் வார்த்தை திரிக்கப்படுமோ என்ற அச்சமின்றி விருந்தினர் மனந்திறந்தனர். 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ச்சி 10,000 தடவைகளை எட்டியது. வாயாடி என்று பெயரெடுத்தவர், பிறர் பேசுவதைக் கேட்டே புகழ்பெற்றார்!

இளமைப் பள்ளியின் நினைவுகளை அவர் 1981இல் நூலாக வெளியிட்டார். தமிழிலும் சிங்களத்திலும்கூட வாசிக்கப்படும் 'டோட்டோ சான்' அதுவே. நூலால் வந்த வருவாயைக் கொண்டு செவிப்புலனற்ற நடிகர்களுக்கு உதவும் நிறுவனமொன்றை அமைத்தார். 1984இல் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் நல்லெண்ணத் தூதராகித் தன்சானியாவுக்குச் சென்றார். அங்கு வழங்கும் சுவாகிலி மொழியில் குழந்தையைக் குறிக்கும் சொல் 'டோட்டோ' என்றே ஒலிப்பதை அறிந்து வியந்தார்.

இந்தியாவிலே ஒரு மருத்துவமனையில், ஏற்புவலியால் உயிருக்குப் போராடிய சிறுவன் ஒருவனுக்கு அவர் ஆறுதல் கூறினார். அவன் தொண்டையில் ஏதோ முனகல் எழுந்தது. என்ன சொல்கிறான் என்று அருகிலிருந்த தாதியை வினவினார். அம்மையார் நலமாயிருக்க வேண்டுமென அவன் வேண்டுகிறானாம்! முனகல்தானே என்று அவர் நகர்ந்திருந்தால், அந்த வாழ்த்து எவர் காதிலும் விழாமலே போயிருக்கும்.

நம் வீடுகளிலும் கேள்விமேற் கேள்வி கேட்டுத் துளைக்கும் பிள்ளைகள் உண்டு. "வாயை மூடு" என்று அதட்ட ஒரு நொடி போதும். நான்கு மணி நேரம் நம்மால் இயலாதுதான். இன்றிரவு உணவுக்குப் பின் அரை மணி நேரமாவது, கடிகாரத்தைப் பாராமல், அவர்கள் எதிரே அமர்ந்து கேட்போமா?