சாலையைச் சீராக்கும் மூன்று புள்ளிகள்

கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல், தமிழர் குடிபெயர்ந்து உழைத்த ஊர்களுள் குறிப்பிடத்தக்கது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமம் அங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகள் 'லைன்கள்' எனப்பட்டன. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கிய அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. சுரங்கம் மூடினாலும் ஊர் மூடவில்லை. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், ராபர்ட்சன்பேட்டை ஆகிய பகுதிகளில் மக்கள் இன்றும் வாழ்கின்றனர்.

இத்தகைய ஊர்களில் தார் போடப்படாத சரளைப் பாதைகளும் உண்டு. சரளைப் பாதைக்கு முதற்பகை நீர். பாதையின் நடுவே பள்ளம் விழுந்தால் மழைநீர் அதில் தேங்கும். தேங்கிய நீரில் சக்கரம் இறங்கும்போது சேறு சிதறும்; பள்ளம் மேலும் ஆழமாகும். பாதை வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால் வெள்ளம் வாசற்படியை எட்டும். ஆகவே பாதையைச் சமன் செய்வது அழகுக்காக அன்று. வீட்டையும் நடப்போரையும் காப்பதற்காகும்.

பழைய கருவியும் புதிய கருவியும்

தமிழக உழவர்கள் நெடுங்காலமாகப் 'பரம்பு' என்னும் பலகையால் சேற்று வயலைச் சமன் செய்தனர். எருதுகள் பலகையை இழுத்துச் செல்லும். பளுவுக்காக ஒருவர் அதன்மேல் ஏறி நிற்பார். மேட்டிலுள்ள மண் பள்ளத்திற்குச் செல்லும். இதற்குப் 'பரம்படித்தல்' என்று பெயர்.

இன்று டிராக்டரின் பின்புறம் இணைக்கப்படும் பெட்டிச் சமன்கத்தி அதே வேலையைச் சரளையில் செய்கிறது. அது அடியும் முன்புறமும் திறந்த ஓர் இரும்புப் பெட்டி போன்றது. முன்புறம் மண்ணைக் கிளறும் பற்கள் இருக்கும். உள்ளே முன்நோக்கிய கத்தி ஒன்றும் பின்நோக்கிய கத்தி ஒன்றும் இருக்கும். மேட்டில் அறுபட்ட சரளை பெட்டிக்குள் சேர்ந்து, பள்ளம் வந்ததும் அதில் இறங்கும்.

மூன்று புள்ளி இணைப்பு

கருவியை டிராக்டருடன் பிணைப்பது 'மூன்று புள்ளி இணைப்பு' எனப்படும். கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு தண்டும் முக்கோணமாக அமைந்து கருவியைப் பற்றிக்கொள்கின்றன. கீழ்க்கைகள் எண்ணெய் அழுத்தத்தால் உயர்ந்து தாழும்.

இவ்வமைப்பை உருவாக்கியவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் (1884–1960). முற்காலத்தில் ஏரைச் சங்கிலியாலோ கம்பியாலோ டிராக்டருடன் கட்டி இழுத்தனர். ஏர் பாறையில் மாட்டினால் டிராக்டரின் முன்புறம் மேலெழுந்து ஓட்டுநர்மீதே கவிழும். பலர் இவ்வாறு உயிரிழந்தனர். பெர்குசன் கருவியையும் டிராக்டரையும் ஒரே உடலாக இணைத்து, கருவியின் பளுவைச் சக்கரங்களின்மீது ஏற்றும் முறையைக் கண்டார். 1926-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1939-இல் போர்டு நிறுவனத்தின் டிராக்டரில் அவ்வமைப்பு இடம்பெற்றது. சென்னையில் 1960-ஆம் ஆண்டு தோன்றிய டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் டிராக்டர்களை இந்தியாவில் உருவாக்கியபோது, அவர் பெயரும் தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்து சேர்ந்தது.

நான்கு சரிசெய்தல்கள்

பாதை செம்மையாக அமைவது ஓட்டுநர் இணைப்பைச் சரிசெய்வதைப் பொறுத்தது.

முதலாவது, மேல் தண்டின் நீளம். திருகைச் சுழற்றித் தண்டைக் குறுக்கினால் பெட்டியின் முன்புறம் தாழும். பற்களும் முன்நோக்கிய கத்தியும் ஆழமாகக் கிளறும். தண்டை நீட்டினால் முன்புறம் உயர்ந்து பின்புறம் தாழும். கருவி அறுப்பதை விடுத்துச் சரளையைப் பரப்பி வழவழப்பாக்கும். இரண்டு கத்திகளும் ஒருசேரத் தரையைத் தொடும் நிலை நடுநிலையாகும். ஒற்றைக் கத்தி மட்டும் உடைய கருவிகளில் இவ்விளைவு மாறுபடும். ஆதலால் ஓட்டுநர் தம் கருவியின் இயல்பைச் சமதரையில் சோதித்து அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, பக்கச் சாய்வு. பல டிராக்டர்களில் வலக் கீழ்க்கையைத் தாங்கும் தண்டில் ஒரு திருகு உண்டு. அதனால் அக்கையை மட்டும் உயர்த்தவோ தாழ்த்தவோ இயலும். கருவியும் அதற்கேற்ப ஒரு பக்கம் சாயும்.

மூன்றாவது, அசைவுத் தடை. கீழ்க்கைகளின் பக்கச் சங்கிலிகளை இறுக்காவிட்டால் கருவி இடமும் வலமும் ஆடும். பாதையில் வளைந்த கோடுகள் விழும்.

நான்காவது, எண்ணெய் அழுத்தக் கட்டுப்பாடு. இதில் இருவகை உண்டு. இழுவிசைக் கட்டுப்பாட்டில், மண் கடினமாக எதிர்த்தால் கருவி தானே உயரும். உழவுக்கு இது உகந்தது. சமன் செய்வதற்கு உகந்ததன்று. ஏனெனில் வெட்ட வேண்டிய மேட்டிலேயே கத்தி உயர்ந்துவிடும். நிலைக் கட்டுப்பாட்டில், கருவி ஓட்டுநர் வைத்த உயரத்திலேயே நிற்கும். பாதை வேலைக்கு இதுவே ஏற்றது.

சரிவின் கணக்கு

நல்ல சரளைப் பாதை முற்றிலும் தட்டையாக இருப்பதில்லை. ஆமையின் முதுகுபோல நடுவில் சற்று உயர்ந்து, இருபுறமும் சரிந்திருக்கும். சரளைப் பாதைக்கு ஏறத்தாழ 4 விழுக்காடு சரிவு பொருத்தமானது. அதாவது, 1 மீட்டருக்கு 4 செ.மீ. தாழ்வு. பாதையின் அகலம் 4 மீட்டர் எனில், நடுவிலிருந்து ஓரம் 2 மீட்டர். ஆகவே நடுப்பகுதி ஓரத்தைவிட 8 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும்.

டிராக்டரின் கீழ்க்கைகள் இரண்டிற்கும் இடைவெளி ஏறத்தாழ 70 செ.மீ. அந்த அகலத்திற்கு 4 விழுக்காடு என்பது 3 செ.மீ. அளவே ஆகும். பாதையின் இடப்பாதியில் செல்லும்போது கருவியின் வலமுனை பாதையின் நடுவை நோக்கி இருக்கும். எனவே வலக்கையைச் சுமார் 3 செ.மீ. உயர்த்தினால் போதும். தாழ்ந்த இடமுனை ஓரத்தை அறுக்கும். உயர்ந்த வலமுனையின் கீழ்ச் சரளை தங்கும். பிறகு எதிர்த்திசையில் திரும்பி வந்து மறுபாதியையும் அவ்வாறே செய்தால் பாதையின் நடுவில் முதுகு உருவாகும்.

வேலையின் ஒழுங்கு

பள்ளத்தில் சரளையைக் கொட்டி நிரப்புவது மட்டும் போதாது. புதிய சரளை பழைய அடித்தரையோடு ஒட்டாமையால் சில நாளில் சிதறிவிடும். பள்ளத்தின் அடிமட்டம் வரை பாதையைப் பற்களால் கிளறி, எல்லாவற்றையும் கலந்து பரப்பி, அதன்பின் இறுக்க வேண்டும். எனவே முதற்சுற்றில் மேல் தண்டு குறுகியிருக்கும்; அடுத்த சுற்றுகளில் நடுநிலைக்கு வரும்; இறுதிச் சுற்றில் நீண்டிருக்கும்.

வேகம் குறைவாக இருத்தல் வேண்டும். மணிக்கு 5 கி.மீ. அளவில் சென்றால் கத்தி துள்ளாது. டிராக்டரின் முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது பின்னாலுள்ள கத்தி தாழ்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது கத்தி உயர்கிறது. ஆகவே வேகமாகச் சென்றால் பழைய அலைகளின்மேல் புதிய அலைகள் தோன்றும். சிறிது சிறிதாக அறுத்துப் பலமுறை செல்வதே இதற்கு மருந்து. பெருஞ்சாலைகளைச் சமன் செய்யும் மோட்டார் கிரேடரில் கத்தி முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் நடுவே அமைந்திருப்பதால் இக்குறை பெரிதும் நீங்குகிறது.

மண்ணின் ஈரமும் முக்கியம். உலர்ந்த சரளை இறுகாது, புழுதியாகப் பறக்கும். மழைக்குப்பின் மண் ஈரமாக இருக்கும் நாளில் வேலை செய்வது சிறந்தது. இல்லையேல் நீர் தெளிக்க வேண்டும். கற்றூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பதைத் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் தம் உடலால் அறிந்தனர். சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய் அவர்களுள் பலரை வருத்தியது. ஊரைச் சூழ்ந்து நிற்கும் சயனைடு மேடுகளின் மண்ணைப் பாதைக்குப் பயன்படுத்தலாகாது. அது தங்கம் பிரித்தபின் எஞ்சிய நுண்தூள். வேதிப்பொருளின் எச்சம் உடையது. அதில் கற்கள் இல்லாமையால் மழையில் சேறாகும், வெயிலில் பறக்கும்.

பாதுகாப்பு

பரம்பின்மேல் ஆள் ஏறி நின்ற பழக்கத்தைச் சிலர் டிராக்டருக்கும் கொண்டுவருகின்றனர். பளுவுக்காகச் சிறுவரைக் கருவியின்மேல் நிற்கவைப்பது உயிருக்கே ஆபத்தானது. எருது கால் தவறியவருக்காக நிற்கும், இயந்திரம் நிற்காது. பளு வேண்டுமெனில் கல்லையோ மண் மூட்டையையோ கட்டிவைக்கலாம். டிராக்டர் இயங்கும்போது அதற்கும் கருவிக்கும் இடையே எவரும் செல்லலாகாது. வேலை முடிந்ததும் கருவியைத் தரையில் இறக்கிய பின்னரே பொறியை நிறுத்த வேண்டும்.

பாதை செம்மையாக அமைந்ததா என்பதை அடுத்த மழை சொல்லிவிடும். நீர் நடுவில் நில்லாமல் இருபுற ஓடைகளையும் சென்றடைந்தால், மூன்று புள்ளிகளும் சரியாக அமைந்தன என்பது பொருள்.

சொற்பொருள்
சரளை – சிறுகற்கள் கலந்த மண்
பரம்பு – வயலைச் சமன் செய்யும் பலகை
பொறி – இயந்திரம்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு

பயிற்சி
1. மேல் தண்டைக் குறுக்குவதாலும் நீட்டுவதாலும் விளையும் மாற்றங்கள் யாவை?
2. பாதையின் அகலம் 3 மீட்டர், சரிவு 4 விழுக்காடு எனில், நடுப்பகுதி ஓரத்தைவிட எத்தனை செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும்?
3. சமன் செய்யும் வேலைக்கு இழுவிசைக் கட்டுப்பாடு ஏன் பொருந்தாது?
4. 'பரம்படித்தல்' போன்ற உழவுத் தொழிற்சொற்கள் ஐந்தினை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.