உறைந்த மூளையில் உடையாத உட்கரு

பாடி லூகாஸ் நிறுத்தத்தில் இறங்கிப் பழகியவர்களுக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் புதிதல்ல. 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் தயாரிப்பவற்றில் அதுவும் ஒன்று. நசுங்கிய வண்டியிலிருந்து அதைக் கழற்றும்போது ஒயர்கள் அறுந்துபோகலாம். மோட்டார் முழுசாக வந்தால் போதும். மேலே பொறித்த எண்ணே அது இன்னதென்று சொல்லிவிடும். மூளைத் திசுவிலிருந்து செல்லின் உட்கருவை எடுப்பதும் இதே கணக்குதான்.

முதுகுத்தண்டிலிருந்து பாதம்வரை ஒரே நரம்புச் செல்லின் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடுகிறது. மூளையிலும் இழைகள் பின்னிக் கிடப்பதால் ஒரு செல்லை அறுபடாமல் பிரிப்பது கடினம். உறையவைத்த திசுவிலோ பனித்துகள்கள் செல்சவ்வையே கிழித்துவிடும். ஆனால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே இருக்கும் உட்கரு தப்பிவிடுகிறது. டிஎன்ஏவோடு, எந்த மரபணு வேலைசெய்துகொண்டிருந்தது என்று காட்டும் ஆர்என்ஏவும் அதற்குள் இருக்கிறது.

சிறு துண்டுத் திசுவை ஐஸில் நிறுத்திய கண்ணாடிக் குழாயில் இட்டு, மிதமான டிடர்ஜென்ட் கரைசல் ஊற்றி, கண்ணாடி உலக்கையால் நிதானமாக இடிப்பார்கள். முதலில் தளர்வான உலக்கை, பிறகு இறுக்கமானது. அவசரப்பட்டு நுரைக்கவிட்டால் உட்கரு சிதையும். டிடர்ஜென்ட் செல்சவ்வைக் கரைக்க வேண்டும். நேரம் மிஞ்சினால் உட்கருவின் உறையும் கரையும். பிறகு 40 மைக்ரான் சல்லடையில் வடிகட்டி, அடர்ந்த சர்க்கரைக் கரைசலின் மேல் விட்டுச் சுழற்றினால், நரம்பிழைகளைப் போர்த்தியிருந்த மயலின் கொழுப்பு பாலேடுபோல் மேலே நிற்கும். கனமான உட்கருக்கள் அடியில் படியும்.

இதுபோல் திசுவை இடித்து எடுத்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட உட்கருக்களைப் படித்து, மனித மூளையில் 3,000க்கும் அதிகமான செல் வகைகளைப் பிரித்துக் காட்டியது 2023இல் வெளியான ஓர் ஆய்வு.

உட்கரு, செல் யாரென்று சொல்லும். எங்கே இருந்தது என்பது இடிபடும்போதே தொலைந்துவிடுகிறது. அதற்குச் சீவல்கள் வேண்டும். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் வெளியிட்ட ‘தரணி’ படத்தொகுப்பு, தாய் வயிற்றுச் சிசுக்களின் மூளையை 5,132 சீவல்களில் காட்டுகிறது.

இரண்டுக்கும் மூலதனம், யாரோ கொடுத்த மூளை. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. இழவு வீட்டில் கண்ணீரோடு ஒரு குடும்பம் போடும் கையெழுத்தால் வந்துசேரும் திசு, உறைநிலையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். உட்கரு உடையாததால்தான் அந்தக் கொடை அத்தனை ஆண்டு கழித்தும் பேசுகிறது. உலக்கை பிடிக்கும் கை நிதானமாக இருக்க வேண்டியதும் அதனால்தான்.