கணினித் தொழிலில் யாருக்கு இடம்?

வேலைக்கு ஆள் சேர்க்கும்போது தகுதி ஒன்றையே நோக்கவேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. தகுதியுடையோர் எல்லாரும் தேர்வு நடைபெறும் வாசல்வரை வந்து சேர முடிகின்றதா என்று கேட்கும்போதுதான் வாதம் தொடங்குகின்றது.

அமெரிக்காவின் கூகிள் நிறுவனம் தன் பணியாளர் விவரத்தை 2014ஆம் ஆண்டில் முதன்முறையாக வெளியிட்டது. தொழில்நுட்பப் பதவிகளில் நூற்றுக்குப் பதினேழு பேரே பெண்கள். அந்நாட்டுப் பணியாளருள் கறுப்பினத்தவர் நூற்றுக்கு இருவர். 2017இல் அங்கே பணியாற்றிய பொறியியலாளர் ஒருவர், பெண்கள் குறைந்திருப்பதற்கு அவர்தம் இயல்பும் ஓரளவு காரணமாகலாம் என்று எழுதி வேலையை இழந்தார். அவரை நீக்கியது முறையா என்பது வேறு வழக்கு. ஆனால் அவர் கூற்றுக்கு வரலாறு துணை நிற்பதாய் இல்லை. 1940களில் பென்சில்வேனியாவில் உருவான எனியாக் கணினிக்குக் கணக்கு முறைகளை வகுத்து இயக்கியோர் ஆறு பெண்கள். அன்று அது எழுதுவினைஞர் வேலை போன்றே எண்ணப்பட்டது. மதிப்பும் ஊதியமும் ஏறிய பின்னரே அது ஆண்களின் துறையாயிற்று!

இனி மட்டக்களப்பு வாவிக்கரையை நோக்குவோம். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். இரு சமூகத்தாரிடையேயும் வீடு மகளுக்கே சீதனமாகச் செல்லும். மணமகனே பெண்வீட்டில் வந்து குடியேறுவான். ஆகவே பெண்ணுக்கு வீடும் உறவும் ஊரிலேயே உண்டு. கணினிக் கம்பனிகளோ பெரும்பாலும் கொழும்பில்; இடையே 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில். அலுவலகப் பேச்சோ பெரும்பாலும் சிங்களத்தில். வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பட்டம் ஊருக்கு வந்துவிட்டது, வேலை வரவில்லை.

சட்டமும் ஒரு தடையாய் இருந்தது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, இரவு எட்டு மணிக்குப்பின் பெண்களை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. அவர்களைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் நியூயோர்க்கில் காலை ஒன்பது மணியாகும்போது இலங்கையில் மாலை ஆறரை, அல்லது பருவத்துக்கேற்ப ஏழரை மணி. அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பணிசெய்யும் அலுவலகத்தில் அந்தக் காப்பு பெண்ணை வெளியே நிறுத்தியது.

அப்படியாயின், இன்ன இனத்தார்க்கு இத்தனை இடம் என ஒதுக்கலாமா? இலங்கை இதில் கசப்பான பாடம் கற்ற நாடு. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாகப் புள்ளிகள் சரிசெய்யப்பட்டபோது, தமிழ்மொழி மாணவர் கூடுதலான புள்ளி பெறவேண்டியதாயிற்று. அந்த மனக்காயம் நெடுநாள் ஆறவில்லை. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடோ பின்தங்கிய மாவட்டப் பிள்ளைகள் பலருக்கு வழிதிறந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. முன்னையது பிள்ளை எம்மொழியில் எழுதினான் என்று பார்த்தது. பின்னையது எத்தகைய ஊரிலிருந்து வந்தான் என்று பார்த்தது.

2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் கணினிக் கம்பனிகள் பல தம் பணியாளரை வீட்டிலிருந்தே வேலை செய்வித்தன. கொழும்பில் அறை எடுத்துத் தங்குவது தகுதியின் ஒரு பகுதி அன்று என்பது அப்போது வெளிப்பட்டது.