மருந்துக்கூர்க்கன் வேர் எப்படி இதய மருந்தானது?

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும் மலைப்பாதையில் மேலே காப்பியும் மிளகும்தான். அடிவாரம் தாண்டி வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் போனால் மரவள்ளிக்கு நடுவே வேறொரு பயிரும் உண்டு. விலை நன்றாக இருக்கும் ஆண்டுகளில் மேட்டுக்காடுகளில் இதை நடுவார்கள். விவசாயிகள் வாயில் இது 'கோலியஸ்'. வேளாண் பல்கலைக்கழகம் மருந்துக்கூர்க்கன் என்கிறது. கிழங்காகத் திரளும் இதன் வேரில் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருள் இருக்கிறது. இந்தியாவில் இயங்கிய மருந்து நிறுவன ஆய்வுக்கூடங்கள் உலகத்துக்குத் தந்தவற்றில் இதற்கு ஈடானவை மிகக் குறைவு. புதிய மருந்து எப்படி உருவாகிறது, பாதி வழியில் ஏன் நின்றுபோகிறது என்ற இரண்டையும் இந்த ஒரு வேரை வைத்தே சொல்லிவிடலாம்.

அந்நிய மருந்து நிறுவனங்கள் இங்கே மாத்திரை விற்றதோடு நிற்கவில்லை. 1963இல் பம்பாய் கோரேகாவில் சுவிஸ் நிறுவனமான சிபா ஓர் ஆய்வு மையம் திறந்தது. அதற்குத் தலைமையேற்கச் சென்றவர் சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் டி.ஆர். கோவிந்தாச்சாரி. 1970களின் தொடக்கத்தில் ஜெர்மானிய நிறுவனமான ஹோக்ஸ்ட் அதே நகரின் முலுண்டில் தன் மையத்தை அமைத்தது. நோயல் டிசூசா, சுஜாதா பட் முதலானோர் அங்கே மூலிகைகளை வரிசையாகச் சோதித்தார்கள்.

இந்தச் சோதனைக்குப் பொறுமை வேண்டும். செடியை உலர்த்திப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுக்கிறார்கள். சாறு விலங்கின் இரத்த அழுத்தத்தையோ இதயத் துடிப்பையோ மாற்றினால், அதைப் பல கூறாகப் பிரித்து ஒவ்வொன்றையும் மறுபடி சோதிக்கிறார்கள். வேலை செய்யும் கூறை மீண்டும் பிரிக்கிறார்கள். கடைசியில் ஒரே ஒரு தூய பொருள் மிஞ்சும்வரை இது தொடரும். மருந்துக்கூர்க்கன் வேரில் அப்படி மிஞ்சியதுதான் ஃபோர்ஸ்கோலின். 1977இல் அதன் அமைப்பு வெளியானது. அதே காலத்தில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் இதே வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்துக் கோலியனால் என்று பெயரிட்டிருந்தது. இரண்டும் ஒன்றே என்பது பிறகு தெரிந்தது.

இரத்தக்குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்த அந்தப் பொருள், இதயத் தசையை இன்னும் வலுவாகச் சுருங்கவும் வைத்தது. காரணம் 1981இல் விளங்கியது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் சீமனும் டேலியும் அதைக் கண்டுபிடித்தார்கள். அட்ரினலின் இதயச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் வந்து ஒட்டும். உடனே உள்ளே அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதி விழித்து, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறைத் தயாரிக்கும். தசை வலுவாகச் சுருங்குவது அதனால்தான். செயலிழந்துவரும் இதயத்தில் அட்ரினலின் ஓயாமல் தாக்கித் தாக்கி ஏற்பிகள் குறைந்துவிடுகின்றன. அவற்றை நம்பிய மருந்துகளும் வலுவிழக்கின்றன. முன்வாசல் அடைபட்ட வீட்டில் கொல்லைப்புறமாக நுழைவதைப் போல, ஃபோர்ஸ்கோலின் ஏற்பியை விட்டுவிட்டு நேரே நொதியையே தூண்டுகிறது. அன்றிலிருந்து உலகெங்கும் செல் ஆய்வு செய்யும் கூடங்களில் அது அன்றாடக் கருவி.

ஆனால் நல்ல மூலக்கூறு கிடைத்ததாலேயே மருந்து கிடைத்துவிடாது. ஃபோர்ஸ்கோலின் தண்ணீரில் கரையவில்லை. அதனால் ஊசி மருந்தாக்குவது கடினமாக இருந்தது. அது தூண்டும் நொதியோ உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. இதயத்தை மட்டும் தொட்டுவிட்டு நிற்கச் சொன்னால் நிற்காது. ஜப்பானின் நிப்பான் கயாகு நிறுவனம் மூலக்கூறில் ஒரு பகுதியை மாற்றி, நீரில் கரையும் கோல்ஃபோர்சின் டாரோபேட்டைச் செய்தது. 1990களின் இறுதியில் திடீர் இதயச் செயலிழப்புக்கான ஊசி மருந்தாக அந்நாடு அதை ஏற்றது. முதல் பாதி வேலை முலுண்டில் நடந்தது, இரண்டாம் பாதி ஜப்பானில். மனிதர்களிடம் சோதனைக்குச் செல்லும் பத்துப் பொருள்களில் ஏறக்குறைய ஒன்பது தோற்றுவிடும். பத்தாண்டுக்கு மேல் பணம் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இங்கே நடக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. ஹோக்ஸ்ட் உலக அளவில் இணைப்புகளில் கரைந்தது. 1998இல் முலுண்ட் மையம் நிக்கோலஸ் பிரமல் நிறுவனத்தின் கைக்குப் போனது.

வேர் மட்டும் நம் மண்ணிலேயே நின்றது. ஹார்வர்டில் ஈ.ஜே. கோரியின் குழு 1988இல் ஃபோர்ஸ்கோலினை ஆய்வுக்கூடத்தில் முழுவதுமாகத் தயாரித்துக் காட்டியது. ஆனால் படிகள் அதிகம், செலவு கட்டுபடியாகாது. ஆகவே நிலத்தில்தான் விளைவிக்க வேண்டும். பெங்களூருவின் சாமி லேப்ஸ் நிறுவனம் தமிழ்நாட்டு விவசாயிகளோடு ஒப்பந்தச் சாகுபடிக்கு வந்தது. நுனித் தண்டை நட்டு, ஐந்தாறு மாதத்தில் வேரைத் தோண்டி, துண்டுபோட்டு வெயிலில் காயவைத்துக் கொடுக்க வேண்டும். வேர்முடிச்சு நூற்புழுவும் வேரழுகலும் வந்தால் காடே போய்விடும். காய்ந்த வேரில் ஃபோர்ஸ்கோலின் அரை சதவீதத்தைத் தொட்டாலே பெரிய விஷயம்.

இவ்வளவு பாடுபட்டு விளைந்த வேர் பெரும்பாலும் இதய மருந்துக்குப் போகவில்லை. உடல் எடை குறைக்கும் காப்ஸ்யூல்களுக்குப் போனது. அதற்கான ஆதாரம் மெலிது. 2005இல் 30 ஆண்களிடம் 12 வாரம் நடந்த சோதனையில் கொழுப்பு குறைந்தது; அதே ஆண்டு பெண்களிடம் நடந்த இன்னொரு சோதனையில் எடை குறையவில்லை. இவ்வளவு சிறிய சோதனைகளை நம்பி ஒரு விவசாயியின் விலை தொங்கிக்கொண்டிருப்பது நியாயமில்லை. கண் அழுத்தத்தை ஃபோர்ஸ்கோலின் குறைக்கிறது என்று 1983லேயே 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. கண்ணழுத்த நோயாளிகள் இத்தனை பேர் உள்ள நாட்டில் பெரிய சோதனைகளுக்கு உரிய கேள்வி அதுதான்.

நிலமே இல்லாமல் இதைத் தயாரிக்கும் வழியும் தேடப்பட்டது. 2017இல் டென்மார்க் ஆய்வாளர்கள், செடி ஃபோர்ஸ்கோலினைத் தயாரிக்கும் படிகளை முழுவதும் கண்டறிந்து அவற்றுக்கான மரபணுக்களை ஈஸ்டில் ஏற்றிக் காட்டினார்கள். மலேரியா மருந்தான ஆர்டிமிசினினில் இதே முயற்சி தொழிற்சாலைவரை போனது. சனோஃபி மருந்து நிறுவனம் 2013இல் ஈஸ்ட் வழியில் உற்பத்தி தொடங்கியது. ஆனால் செடியிலிருந்து வந்த சரக்கின் விலை அதற்குள் சரிந்திருந்ததால் அந்த ஆலையை விற்க வேண்டியதாயிற்று. அங்கே செடி வென்றது. ஆனால் வளர்த்தவர்களுக்குக் கிடைத்தது அந்தச் சரிந்த விலைதான்.