தோள்கொடுத்த அண்டை, வழிமறித்த அண்டை

போலந்து–உக்ரைன்: யுத்த காலத்து நட்பில் உரசல் எழுந்தது ஏன்?

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி நியூயார்க்கில், ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில் பேச எழுந்த உக்ரைன் ஜனாதிபதி செலென்ஸ்கி, தம் தேசத்தின் மீது படையெடுத்த ரஷ்யாவைக் கண்டித்ததோடு நின்றுவிடவில்லை. ஐரோப்பாவிலுள்ள நண்பர்கள் சிலர் தானிய விஷயத்தைப் பரபரப்பு நாடகமாக்கி, ஒருமைப்பாட்டை அரசியல் மேடையில் நடித்துக் காட்டுகிறார்கள் என்றும் குறைபட்டுக்கொண்டார். அவர் பெயர் எதையும் சொல்லாவிட்டாலும், குறி யாருக்கு என்பது சபையில் இருந்தவர்களுக்கு விளங்காமல் போகவில்லை. அதே நாளில் போலந்து ஜனாதிபதி தூதா, நீரில் மூழ்குகிறவன் கைக்கு அகப்பட்டதையெல்லாம் பற்றுவான், காப்பாற்ற வந்தவனையும் ஆழத்துக்கு இழுத்துவிடுவான் என்ற உவமையை உக்ரைனுக்குப் பொருத்திப் பத்திரிகையாளரிடம் பேசினார். மறுநாள் போலந்துப் பிரதமர் மொராவியெத்ஸ்கி, இனி உக்ரைனுக்கு ஆயுதம் கைமாற்றுவதற்கில்லை, எங்கள் சேனைக்கே நவீன ஆயுதங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்.

ஒன்றரை ஆண்டுக்கு முன், வீடிழந்து வந்த உக்ரைனியருக்குத் தம் படுக்கையறையை ஒழித்துக் கொடுத்த அதே போலந்துதானா இது என்று உலகம் வியந்தது. வியப்பு நியாயமானதே. ஆனால் அந்த உபசாரமும் இந்த மனத்தாங்கலும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை அல்ல. இரண்டும் ஒரே எல்லைக்கோட்டில், ஒரே சாலை வழியாகவே வந்தவை என்பதை உணர்ந்தாலொழிய இவ்விரு நாடுகளின் உறவு விளங்காது.

பொது அச்சம் விளைத்த நட்பு

அடுத்திருக்கும் நாட்டரசன் இயல்பாகவே பகைவன், அவனுக்கும் அப்பால் இருப்பவன் இயல்பாகவே நண்பன் என்பது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கூறும் மண்டலக் கோட்பாடு. அதன்படி பார்த்தால் போலந்தும் உக்ரைனும் பகைத்துக்கொண்டிருக்க வேண்டும். உக்ரைனுக்கு அப்பால் இருக்கும் ரஷ்யாவோடு போலந்து கைகோத்திருக்க வேண்டும். அப்படி நேராததற்குக் காரணம் அச்சம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுக்கொண்டதால் தேசப்படத்திலிருந்தே அழிந்துபோய், 1918இல் மறுபிறவி எடுத்து, 1939 செப்டம்பரில் ஹிட்லரும் ஸ்டாலினும் இரு புறமும் பாயச் சிதறுண்ட போலந்துக்கு, ரஷ்ய சேனை தன் எல்லைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது ஏட்டுச் சுரைக்காய் விவகாரம் அன்று. பாரிஸ் நகரை அடுத்து அகதியாக வாழ்ந்து 'குல்துரா' என்ற பத்திரிகையை நடத்திய யெர்ஸி கியெத்ராய்ட்ஸ், போலந்து தன் பழைய கிழக்குப் பிரதேசங்களுக்கு ஆசைப்படுவதை விட்டொழித்துச் சுதந்திர உக்ரைனை ஆதரிப்பதே அதன் சொந்தப் பாதுகாப்புக்கு உகந்தது என்று பல்லாண்டு வாதாடி வந்தார். 1991 டிசம்பர் 2ஆம் தேதி, உக்ரைன் மக்கள் வாக்களித்துச் சுதந்திரத்தை உறுதிசெய்த மறுநாளே, அதை அங்கீகரிப்பதில் போலந்து முந்திக்கொண்டது அந்தச் சிந்தனையின் பலனே.

ஆகவே 2022 பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யப் படை புகுந்தபோது போலந்து தயங்கவில்லை. எல்லையோர ஊரான ப்ஷெமிஷலின் ரயில் நிலையத்தில், கணவன்மாரை யுத்தத்துக்கு விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வந்து இறங்கிய பெண்களுக்குச் சூடான சூப்பும் போர்வையும் காத்திருந்தன. நடைமேடையில், முன்பின் அறியாத தாய்மாருக்கென்று குழந்தை வண்டிகளை யாரோ வரிசையாக நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். இன்ன ஊருக்கு இத்தனை பேரை ஏற்றிச் செல்வோம் என்று அட்டையில் எழுதிப் பிடித்தபடி கார்க்காரர்கள் நின்றார்கள். அரசாங்கமும் பின்தங்கவில்லை. மார்ச் மாதமே இயற்றப்பட்ட விசேஷச் சட்டம், வந்தவர்கள் வேலை பார்க்கவும் வைத்தியம் பெறவும் குழந்தைகளுக்கான உதவித்தொகை வாங்கவும் உரிமை அளித்தது. 300க்கு மேற்பட்ட டாங்கிகளையும், பின்னர் மிக்-29 விமானங்களையும் போலந்து கொடுத்தது. மேற்கு நாடுகளின் ஆயுதங்களில் பெரும்பகுதி ஷெஷுஃப் நகர விமான நிலையத்தில் இறங்கித்தான் உக்ரைனுக்குப் போயிற்று.

தானியம் தங்கிய இடம்

யுத்தத்துக்கு முன் உக்ரைனின் கோதுமையும் மக்காச்சோளமும் ஒடெசா முதலிய கருங்கடல் துறைமுகங்களில் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் மேற்காசியாவுக்கும் ஆசியாவுக்கும் போய்க்கொண்டிருந்தன. ரஷ்யக் கடற்படை அந்த வழியை அடைத்தபோது, ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே மாதம் தரைவழிப் பாதைகளைத் திறந்து, ஜூன் மாதம் சுங்க வரியையும் இறக்குமதி வரம்பையும் நிறுத்திவைத்தது. நோக்கம் உயர்ந்ததுதான், தானியம் போலந்தைக் கடந்து துறைமுகம் சேரும், அங்கிருந்து பசித்த நாடுகளுக்குப் போகும் என்பது திட்டம். ஆனால் உக்ரைனின் தண்டவாளம் 1,520 மில்லிமீட்டர் அகலம், போலந்தின் தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர். எல்லையில் ஒவ்வொரு ரயிலின் சரக்கையும் மாற்றி ஏற்ற வேண்டும், அல்லது பெட்டியின் அடிச்சக்கரத் தொகுதியையே மாற்ற வேண்டும். கிடான்ஸ்க், கிடினியா துறைமுகங்களுக்கோ அவ்வளவு தானியத்தைத் திடீரென்று கையாளும் வசதி இல்லை. வழிச்செலவு ஏற ஏற, கடல் வரை கொண்டுபோவதைவிட எல்லைக்கு இப்புறமே விற்றுவிடுவது வியாபாரிக்கு லாபமாயிற்று. 2021இல் சில ஆயிரம் டன்னாக இருந்த போலந்தின் உக்ரைன் கோதுமை, மக்காச்சோள இறக்குமதி, 2022இல் 20 லட்சம் டன்னைத் தாண்டிற்று. உணவுக்கல்ல, தொழிற்சாலைக்கு என்று பத்திரம் காட்டிப் பரிசோதனைக்குத் தப்பி வந்த தானியம் மாவு ஆலைகளுக்குப் போனது என்ற புகாரும் சேர்ந்துகொண்டது.

போலந்து விவசாயியின் நிலையை இங்கே கருத வேண்டும். அவனுடைய பண்ணையின் சராசரி அளவு சுமார் 11 ஹெக்டேர். உக்ரைனின் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான ஹெக்டேரில் பயிர் செய்பவை. 2022 கோடையில், அவசரப்பட்டு விற்காதீர்கள், விலை ஏறும் என்று அவனுக்கு ஆலோசனை சொன்னவர் விவசாய மந்திரி கொவால்ச்சிக். அந்த ஜூலையிலேயே ஐ.நா.வும் துருக்கியும் முயன்று கருங்கடலில் தானியக் கப்பலுக்கு வழி பிறக்க, உலகச் சந்தையில் விலை சரிந்தது. இங்கே களஞ்சியம் நிறைந்து கிடந்தது. விலை வீழ்ச்சிக்கு உக்ரைன் தானியம் மாத்திரமே காரணம் அன்று என்பது உண்மையே. ஆனால், உரத்தையும் டீசலையும் யுத்தகால விலையில் வாங்கிப் பயிரிட்டவன், தன் வாசல் வழியாகப் போகும் லாரியைத்தான் கண்டானே ஒழிய, உலகச் சந்தையைக் காணவில்லை. 2023 ஏப்ரல் 5ஆம் தேதி செலென்ஸ்கி வார்சாவில் வரவேற்கப்பட்ட அதே நாளில் கொவால்ச்சிக் பதவி விலகினார். 15ஆம் தேதி போலந்து உக்ரைன் தானியத்தை வரவொட்டாமல் தடுத்தது. ஒன்றியம் குறுக்கிட்டு, போலந்து உள்ளிட்ட ஐந்து நாடுகளில் கோதுமை, மக்காச்சோளம் முதலியவற்றின் விற்பனைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. செப்டம்பர் 15ஆம் தேதி அது முடிவுற்றதும், போலந்தும் ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் சொந்தப் பொறுப்பில் தடையைத் தொடர்ந்தன. உக்ரைன் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதம் போலந்தில் பொதுத்தேர்தல். கிராமத்து வாக்குகளை நம்பி நின்ற ஆளுங்கட்சி அந்தச் சமயத்தில் விட்டுக்கொடுக்கும் என்று எதிர்பார்த்தவர் இல்லை. நியூயார்க்கில் வெடித்த வார்த்தைகளுக்கு இதுவே பூர்வோத்தரம்.

மறியல் கண்ட சாலைகள்

தேர்தல் முடிந்து ஆட்சி மாறும் தறுவாயிலும் சச்சரவு தணியவில்லை. ஒன்றியத்துக்குள் வரும் உக்ரைனிய லாரிகளுக்கு இருந்த அனுமதிச் சீட்டுக் கட்டுப்பாடு யுத்தத்தை முன்னிட்டு நீக்கப்பட்டிருந்தது. குறைந்த கூலிக்கு ஓட்டும் அவர்களோடு போட்டியிட முடியவில்லை என்று போலந்து லாரி உரிமையாளர்கள் 2023 நவம்பர் 6ஆம் தேதி தொரொஹுஸ்க், ஹ்ரெபென்னே, கொர்ச்சோவா எல்லைச் சாவடிகளில் மறியலில் இறங்கினார்கள். லாரிகள் மைல் கணக்கில் நின்றன. ஓட்டுநர்கள் குளிரில் வண்டிக்குள்ளேயே நாட்களைக் கழித்தார்கள். ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டு அவர்கள் கலைய, பிப்ரவரியில் விவசாயிகள் டிராக்டரோடு வந்து நின்றார்கள். அந்த மாத இறுதியில் கொத்தோமியெர்ஸ் என்ற இடத்தில் ரயில் பெட்டிகளைத் திறந்து சுமார் 160 டன் தானியத்தைக் கீழே கொட்டிய சம்பவம் நிகழ்ந்தது. கிடான்ஸ்க் துறைமுகம் வழியே அயல்நாடு செல்ல வேண்டிய தானியம் அது என்று உக்ரைன் அரசாங்கம் சொல்லிற்று. விளைநிலத்தில் கண்ணிவெடி பொறுக்கிக்கொண்டிருக்கும் ஜனங்கள், தங்கள் மணிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடக்கும் படத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

பழைய ரணங்கள்

பொருளாதாரச் சச்சரவு எதுவும் வெறும் பொருளாதாரமாக இங்கே நிற்பதில்லை. அதன் அடியில் சரித்திரம் கிடக்கிறது. 1918இல் லிவிவ் நகருக்காகச் சண்டையிட்ட இரு தரப்பும் 1920 ஏப்ரலில் உடன்படிக்கை செய்துகொண்டன. போலந்தின் பில்சுட்ஸ்கியும் உக்ரைனின் பெத்லியுராவும் போல்ஷ்விக்குகளை எதிர்த்துச் சேர்ந்து படை நடத்திக் கீவ் நகரையே சில வாரம் கைப்பற்றினார்கள். ஆனால் 1921 மார்ச்சில் ரீகா நகரில் போலந்து சோவியத் தரப்போடு தனியே சமாதானம் செய்துகொண்டது. பெத்லியுராவின் வீரர்கள் போலந்தின் தடுப்பு முகாம்களில் அடைபட்டார்கள். ஷிச்சிப்பியோர்னோ முகாமுக்கு நேரில் சென்று பில்சுட்ஸ்கி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார் என்பது அவருக்குப் பெருமை. ஆயினும் நேசன் தனிச் சமாதானம் செய்துகொள்ளக்கூடும் என்ற பயத்துக்கு உக்ரைனியர் மனத்தில் அன்றே விதை விழுந்தது.

போலந்தின் ரணம் இன்னும் ஆழமானது. 1943 முதல் 1945 வரை வொலினியாவிலும் கிழக்கு கலீசியாவிலும் உக்ரைனிய எழுச்சிப் படையினர் போலந்துக் கிராமங்களைத் தாக்கியதில் மாண்டவர்கள் ஒரு லட்சம் பேர் வரை என்பது போலந்துச் சரித்திர ஆசிரியர் பலரின் மதிப்பீடு. பழிக்குப் பழியாக மாண்ட உக்ரைனியரும் ஆயிரக்கணக்கில் உண்டு. போலந்து நாடாளுமன்றம் 2016இல் அதை இனப்படுகொலை என்று தீர்மானித்தது. உக்ரைனிலோ அதே எழுச்சிப் படை, சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்த சுதந்திர வீரர்களாகப் போற்றப்படுகிறது. போலந்து மண்ணில் இருந்த அப்படையின் நினைவுச் சின்னம் ஒன்று அகற்றப்பட்டதும், 2017இல் உக்ரைன் தன் மண்ணில் புதைகுழிகளைத் தோண்டி எடுப்பதற்குத் தடை போட்டது. பாட்டனின் எலும்பைத் தேடிப் புதைக்க விடாத நாட்டுக்கு நாம் டாங்கி கொடுக்கிறோம் என்ற பேச்சு போலந்தில் எழ இதுவே போதுமானதாயிற்று.

முறியாமல் இருந்தது எப்படி?

இத்தனைக்குப் பிறகும் கூட்டு உடையவில்லை. மறியல் நாட்களிலும் ராணுவச் சரக்கும் நிவாரணப் பொருளும் போக வழிவிடுவதாக மறியல்காரர்களே அறிவித்திருந்தார்கள். ஷெஷுஃபில் விமானங்கள் இறங்குவது நிற்கவில்லை. மொராவியெத்ஸ்கியின் பேச்சும் ஏற்கனவே ஒப்புக்கொண்ட ஆயுதங்களைப் பாதிக்காது என்று சில தினங்களில் விளக்கம் பெற்றது. தடை இருந்த காலத்திலும், முதல் சில நாட்கள் நீங்கலாக, முத்திரையிட்ட வண்டிகளில் தானியம் போலந்தைக் கடந்து செல்லத் தடங்கல் இல்லை. 2023 அக்டோபரில் அந்தத் தானியத்தின் பரிசோதனையை எல்லையிலிருந்து லிதுவேனியாவின் கிளைப்பேதா துறைமுகத்துக்கு மாற்ற மூன்று நாடுகளும் ஒப்புக்கொண்டன. உக்ரைன் தன் வழக்கை நிறுத்திவைத்தது. 2024 ஜூலையில் வார்சாவில் போலந்தின் புதிய பிரதமர் டஸ்க்கும் செலென்ஸ்கியும் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் புதைகுழித் தடையும் தளர, 2025 வசந்தத்தில் தெர்னோப்பில் வட்டாரத்திலுள்ள புஷ்னிக்கி என்ற மறைந்துபோன கிராமத்தில் தோண்டும் வேலை தொடங்கியது. கவனித்தால் ஓர் உண்மை புலப்படும்: மேடைப் பேச்சு சமாதானம் செய்துவைத்தது எதுவும் இல்லை, சாவடி, முத்திரை, பரிசோதனைக்கூடம், புதைகுழி என்று ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடுத்துப் பேசிய அதிகாரிகளே வழி கண்டார்கள்.

அச்சம் இருக்கும் வரை நட்பு இருக்கும் என்று இதற்குப் பொருள் கொள்வாருண்டு. 2025 ஆகஸ்டில் போலந்தின் புதிய ஜனாதிபதி நவ்ரொத்ஸ்கி, உக்ரைனிய அகதிகளுக்கான உதவியை நீட்டிக்கும் மசோதாவில் கையெழுத்திட மறுத்தார். சுமார் இரு வாரம் கழித்து, செப்டம்பரில், ரஷ்ய டிரோன்கள் சுமார் இருபது போலந்து வான்வெளிக்குள் புகவே, பொது எதிரியின் நினைவு மறுபடி தலைதூக்கியது. திருத்திய மசோதா அந்த மாதமே சட்டமாயிற்று. ஆனால் அச்சத்தை மாத்திரம் நம்பி நட்பை நடத்துவது விவேகமாகாது. ஏனெனில் உபகாரத்தின் புகழ் தலைநகருக்குச் சேர, அதன் செலவு லுப்ளின் வட்டாரத்து விவசாயியின் தலையிலும் எல்லைப்புற லாரிக்காரரின் தலையிலும் விழுந்ததுதான் இந்த உரசலின் மூலகாரணம். வரியை நீக்கிய பிரஸ்ஸல்ஸும் அதை வரவேற்ற வார்சாவும் அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்று முதல் நாளே தீர்மானித்திருந்தால், மானியம் கொடுக்க நேர்ந்த பின் கொடுக்காமல் முன்னதாகவே கொடுத்திருந்தால், டிராக்டர்கள் வயலிலேயே இருந்திருக்கும்.

இந்தப் பாடத்துக்கு விரைவிலேயே பெரிய பரீட்சை வரப்போகிறது. 2024 ஜூன் மாதம் உக்ரைன் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதற்கான பேச்சு முறைப்படி தொடங்கிற்று. ஒன்றியத்தின் எந்த உறுப்பு நாட்டிலும் இல்லாத அளவு, மூன்று கோடி ஹெக்டேருக்கு மேற்பட்ட சாகுபடி நிலம் உக்ரைனிடம் இருக்கிறது. அது உள்ளே வரும் நாளில் மானியத்தின் பங்கீடும் சந்தையின் கணக்கும் அடியோடு மாறும். அப்போதும் சகோதர பாவத்தைப் பற்றிய பிரசங்கங்களுக்குக் குறைவிராது. எத்தனை ஆண்டில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரம்பு, நஷ்டப்படுகிறவருக்கு எந்த நிதியிலிருந்து ஈடு என்ற அட்டவணையை இரு நாட்டு விவசாயிகளையும் உட்கார வைத்து எழுதுகிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எழுதாமல் விட்டால், அடுத்த முறை மறியல் தொரொஹுஸ்க் சாவடியோடு நிற்காது.