தவிடும் தலைவலி மாத்திரையும்

உகாண்டாவில் பல வருடம் வேலை பார்த்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், அங்கே கிராமத்து ஜனங்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபூர்வமாகவே வருவதைக் கவனித்தார். காரணம் தேடி, கூச்சமில்லாமல் மலத்தை எடை போட்டார்கள் அவரும் சகாக்களும். எக்ஸ்ரேயில் தெரியும் சிறு உருண்டைகளை விழுங்கச் சொல்லி, அவை வெளியேறும் நேரத்தைக் கணக்கெடுத்தார்கள். உகாண்டா கிராமத்தாருக்கு ஒன்றரை நாள் ஆனது. பிரிட்டிஷ்காரர்களுக்கோ மூன்று நாள். உணவில் உள்ள நார்ச்சத்துதான் இப்படிச் சீக்கிரம் வெளியேற்றிக் காப்பாற்றுகிறது என்று 1971-இல் பர்கிட் எழுத, மாவு மில்லில் கழிக்கப்பட்ட தவிடு பிரிட்டனில் பிரபலமான காலை உணவாயிற்று.

அந்தப் புகழ் நிலைக்கவில்லை. 88,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க நர்ஸுகளை 16 ஆண்டுகள் கவனித்த ஆய்வு, நாரால் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை என்று 1999-இல் கைவிரித்தது. அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் 2015-இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில் இருபது கறுப்பின அமெரிக்கர்களும் இருபது தென்னாப்பிரிக்கக் கிராமத்தாரும் இரண்டே வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். பர்கரும் வறுவலும் தின்ற கிராமத்தாரின் குடலில் புற்றுநோய் அபாயத்தின் அறிகுறிகள் கூடின. பீன்ஸும் சோளமும் சாப்பிட்ட அமெரிக்கர்களுக்குக் குறைந்தன. தவிட்டை மட்டும் தூவிக்கொண்டால் போதாது, தட்டு முழுக்க மாற வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை அறிவித்ததும் அதே வருடம்தான்.

உணவில் மட்டுமல்ல, ஒரு மாத்திரையிலும் பாதுகாப்பு தென்பட்டது: பலரும் தலைவலிக்கென்றே அறிந்திருந்த ஆஸ்பிரின். 1988-இல் மெல்போர்னில் கேப்ரியல் கூன், அதைச் சாப்பிட்டு வந்தவர்களுக்குக் குடல் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கண்டார். இன்று, குடல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும், பரம்பரையாக வரும் லிஞ்ச் கோளாறு உள்ளவர்களுக்கு பிரிட்டனில் ஆஸ்பிரினைப் பரிந்துரைக்கிறார்கள். அத்தகைய 861 பேரில், ஆஸ்பிரின் எடுத்த பிரிவில் 9 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்த பிரிவில் 13 சதவீதத்தினருக்கும் குடல் புற்றுநோய் வந்தது.

மற்றவர்களுக்கு? 2016-இல் ஐம்பதுகளில் இருந்த சிலருக்குப் பரிந்துரைத்த அமெரிக்க நிபுணர் குழு, 2022-இல் அதைத் திரும்பப் பெற்றது. ஆஸ்பிரினால் வயிற்றில் ஏற்படக்கூடிய ரத்தக்கசிவு சின்ன விஷயமல்ல. மருந்துக்கடையில் நீங்களாக ஆஸ்பிரின் வாங்கிச் சாப்பிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது ஐம்பது வயதுக்குள் குடல் புற்றுநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே காட்டுங்கள்.