வெளிநாட்டில் வீடு வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்



நெய்வேலியில் பணியாற்றும் குடும்பங்களுக்கு ஒரு தனி நிலை உண்டு. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் நிறுவனக் குடியிருப்பில் வாழ்கிறோம். ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்கிறோம். கையில் கிராஜுட்டி, பி.எஃப். பணம் இருக்கும், சொந்த வீடு பலருக்கு இருக்காது. அந்த நேரத்தில்தான் துபாயிலோ ஷார்ஜாவிலோ வேலை பார்க்கும் மகன், "அத்தா, இங்கே வாடகை கட்டுற காசுக்கு வீடே வாங்கிடலாம். முன்பணத்துக்கு மட்டும் உதவி பண்ணுங்க" என்கிறார்.

வாங்குவது தவறு என்று சொல்ல இக்கட்டுரையை எழுதவில்லை. நன்றாக விசாரித்து வாங்கி, நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பணம் ஒரு முறைதான் வரும். ஆகவே கையெழுத்துப் போடும் முன், பின்வரும் கேள்விகளுக்குப் பதிலைக் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

1. அந்த நாட்டுச் சட்டம் நமக்கு எதை விற்க அனுமதிக்கிறது?

துபாயில் 2006ஆம் ஆண்டின் 7ஆம் எண் சட்டப்படி, ஆட்சியாளர் அறிவித்த பகுதிகளில் மட்டுமே நம்மைப் போன்ற வெளிநாட்டவர் முழு உரிமையோடு வாங்கலாம். சில இடங்களில் கிடைப்பது 99 ஆண்டு வரையிலான குத்தகை உரிமைதான். இரண்டுக்கும் விலை வேறு, மதிப்பும் வேறு.

மலேசியாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை வெளிநாட்டவர் வாங்க முடியாது. நாம் முஸ்லிம் என்பதால் அந்த விலக்கு நீங்காது. பல மாநிலங்களில் வெளிநாட்டவருக்குக் குறைந்தபட்ச விலை 10 லட்சம் ரிங்கிட். சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரைத் தீர்வை மட்டுமே 60 சதவீதம். சவூதி அரேபியா 2025இல் வெளிநாட்டவர் சொத்துரிமைக்குப் புதிய சட்டம் கொண்டுவந்துள்ளது. மக்கா, மதீனாவில் அது முஸ்லிம்களுக்கு மட்டும், அதுவும் வரையறுக்கப்பட்ட பகுதிகளில்தான். "ஹரமுக்குப் பக்கத்தில் வீடு" என்று யாராவது வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பினால், பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பத்திரத்தைக் கேளுங்கள்.

2. கட்டி முடித்த வீடா, கட்டப்போகும் வீடா?

2008-09இல் துபாயில் வீட்டு விலை சரிந்தபோது பல திட்டங்கள் பாதியில் நின்றன. தவணை கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டப்படி, வாங்குபவர் கட்டும் பணம் அந்தத் திட்டத்துக்கென்றே உள்ள பாதுகாப்புக் கணக்கில்தான் சேர வேண்டும். ஆகவே, "இந்தத் திட்டம் துபாய் நிலத் துறையில் பதிவாகியிருக்கிறதா? நான் பணம் போடும் கணக்கு அந்தப் பாதுகாப்புக் கணக்குதானா?" என்று கேளுங்கள். ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கோ, கையில் ரொக்கமாகவோ ஒரு திர்ஹம் கூடக் கொடுக்காதீர்கள். நிலத் துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் பதிவையும் கட்டுமான நிலையையும் நாமே பார்க்கலாம்.

3. விலைக்கு மேல் எவ்வளவு?

துபாயில் பதிவுக் கட்டணம் விலையில் 4 சதவீதம். பெரும்பாலும் வாங்குபவர்தான் கட்டுகிறார். ஏஜெண்ட் கமிஷன் தனி. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. சதுர அடிக்கு 15 திர்ஹம் என்று வைத்துக்கொண்டால், 700 சதுர அடி வீட்டுக்கு ஆண்டுக்கு 10,500 திர்ஹம். வீடு காலியாக இருந்தாலும் கட்ட வேண்டும். வாடகை வருமானம் என்று ஏஜெண்ட் காட்டும் தொகையில் இதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

திர்ஹம் டாலரோடு பிணைக்கப்பட்டது. நம் பணமோ ரூபாய். தவணைக் காலத்தில் ரூபாய் மதிப்பு இறங்க இறங்க, இங்கிருந்து அனுப்ப வேண்டிய தொகை ஏறிக்கொண்டே போகும்.

4. பணம் எந்த வழியில் போகிறது?

வெளிநாட்டில் வசிக்கும் மகன் தன் அங்கத்திய சம்பாத்தியத்தில் வாங்கினால் இந்தியச் சட்டத்தில் தடையில்லை. பின்னர் ஊர் திரும்பினாலும் அந்த வீட்டை வைத்துக்கொள்ள 1999ஆம் ஆண்டின் ஃபெமா சட்டம் 6(4) பிரிவு அனுமதிக்கிறது.

இங்கே வசிக்கும் தந்தை அனுப்பினால் கதை வேறு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்து சரிக்கட்டலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும். இதைத் தவிர்க்க "உண்டியலில் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அது சட்டக் குற்றம். வீட்டுப் பத்திரம் சுத்தமாக இருந்தாலும், பணம் வந்த வழி அதைக் கெடுத்துவிடும்.

இந்தியாவில் வசிப்பவர் பெயரில் வெளிநாட்டு வீடு இருந்தால், வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரக்கூடும். வளைகுடாவிலிருந்து நிரந்தரமாகத் திரும்புபவர்களும் இதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. கடன் வாங்கினால், வேலை போனால்?

வட்டி ஹராம் என்பதை நாம் அறிவோம். அங்குள்ள இஸ்லாமிய வங்கிகள் இஜாரா, முராபஹா முறைகளில் வீட்டு நிதி தருகின்றன. "இஸ்லாமிய" என்ற பெயரைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடாமல், ஒப்பந்தத்தை ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள். பாதியில் தவணை நின்றால் கட்டிய பணம் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அங்கே கடனை விட்டுவிட்டு ஊர் வந்துவிட்டால் முடிந்தது என்ற எண்ணம் இனிச் செல்லாது. 2020 ஜனவரி 17 அறிவிக்கையின்படி, ஐக்கிய அரபு அமீரக நீதிமன்றங்களின் சிவில் தீர்ப்பை இந்திய மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றலாம். துபாய்க் கடனுக்காக வடலூரிலோ இந்திரா நகரிலோ உள்ள வீடு ஜப்தியாகும் வாய்ப்பு உண்டு.

வீடு இருந்தால் விசா கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்துக்குப் பத்தாண்டு கோல்டன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அது குடியுரிமை அல்ல, வேலையும் தராது.

6. யார் பெயரில்? மவுத்துக்குப் பிறகு யாருக்கு?

மிக முக்கியமான கேள்வி இதுதான். குடும்பங்கள் கேட்கத் தயங்குவதும் இதைத்தான்.

தந்தையின் ஓய்வுப் பணத்தில் 20 லட்சம் போகிறது. வீடு மகன் பெயரில் பதிவாகிறது. அந்த 20 லட்சம் கடனா, அன்பளிப்பா, பங்கா? சொல்லாமல் விட்டால், தந்தை மறைந்த பிறகு மகன் அன்பளிப்பு என்பார், சகோதரிகள் அத்தாவின் சொத்து என்பார்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. எழுதி வைக்காததுதான் காரணம். கடன் என்றால் எழுதி, சாட்சி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கற்றுத் தருகிறது. பங்கு என்றால் பத்திரத்திலேயே இருவர் பெயரும் எத்தனை சதவீதம் என்பதோடு இருக்கட்டும். அன்பளிப்பு என்றால், மற்றப் பிள்ளைகளுக்கும் நீதி செய்யும் கடமை பெற்றோருக்கு உண்டு. மகளுக்குத் திருமணத்தில் செய்ததைக் காட்டி அவளுடைய வாரிசுப் பங்கை அழிக்க முடியாது.

அங்கே சொத்து வைத்திருக்கும் முஸ்லிம் இறந்தால், வாரிசுரிமை நீதிமன்றம் வழியாகத் தீர வேண்டும். இங்கே பெறும் வாரிசுச் சான்றிதழைச் சான்றொப்பமிட்டு, அரபியில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுத்திருந்த பவர் பத்திரம் மரணத்தோடு செல்லாமல் போகும். வஸிய்யத் எழுதலாம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது, மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு எழுதுவதும் செல்லாது. பத்திரம், தவணை ரசீது, வங்கிக் கணக்கு விவரம் எங்கே இருக்கின்றன என்பது மனைவிக்கும் தெரிந்திருக்கட்டும்.

7. இங்கே தலைக்கு மேல் கூரை இருக்கிறதா?

கடைசிக் கேள்வி பெற்றோருக்கு. குவார்ட்டர்ஸைக் காலி செய்த பின் எங்கே இருப்போம்? மருத்துவச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம்? ஹஜ் கடமை நிறைவேறிவிட்டதா? இவற்றுக்கு ஒதுக்கிய பிறகு மீதி இருந்தால், மகனுக்கு மனநிறைவோடு உதவுங்கள். மீதி இல்லை என்றால், "இப்போது முடியாது, தம்பி" என்று சொல்வதில் பாசக் குறைவு எதுவும் இல்லை.

ஒப்பந்தம் கைக்கு வந்தால் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞர் ஒருவரிடமும், ஆடிட்டர் ஒருவரிடமும், ஆலிம் ஒருவரிடமும் காட்டிவிடுங்கள். "இன்றே முன்பணம் கட்டினால்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்துபவரிடம் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். நல்ல வீடு ஒரு வாரம் காத்திருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளிடையே ஒற்றுமையையும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.

— செயலாளர்